தூண்டில் ஈயத்துக்குத் தூள் பூச்சு: பூசுவதைக் கற்போம், வார்ப்பதை விடுவோம்

ஓய்வு நாளில் ஆற்றங்கரையிலோ பழைய ஈயக்குட்டையின் ஓரத்திலோ தூண்டிலுடன் அமர்ந்திருப்பது நம் தோட்டப்புற மக்கள் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்காகும். விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோன உடலுக்கு அது ஓய்வு. வீட்டுச் சட்டிக்கோ அது ஒரு வேளைக் குழம்பு. விராலும் கெளுத்தியும் கிடைக்கும் தோட்டத்து வாய்க்கால் முதல், தோமானும் செபாராவும் வாழும் பெரிய அணைக்கட்டு ஏரிகள் வரை, தூண்டிலுக்கு வேலை தரும் நீர்நிலைகள் நம் நாட்டில் நிறைய உள்ளன.

இப்பொழுதுபோக்குடன் ஒரு கைத்தொழிலும் சேர்ந்துகொண்டுள்ளது. ‘ஜிக்’ எனப்படும் ஈயத்தலைத் தூண்டிலை இளைஞர்கள் சிலர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு என்பது ஒரு காரணம். தம் கையால் செய்த தூண்டிலில் மீன் விழுவதைக் காணும் மகிழ்ச்சி மற்றொரு காரணம். இரண்டும் போற்றத்தக்கவையே.

ஆயினும், இக்கைத்தொழிலில் இரண்டு தனி வேலைகள் அடங்கியுள்ளன என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பது. மற்றொன்று, வார்த்த தலைக்கு வண்ணம் பூசுவது. பூசும் வேலையைச் சிறிது கவனத்துடன் எவரும் கற்றுக்கொள்ளலாம். வார்க்கும் வேலையோ, குழந்தைகள் வாழும் வீட்டின் அருகே செய்யத் தகாதது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதில்தான் ஆபத்து இருக்கின்றது. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈயம் ஒன்றல்ல, இரண்டு

நம் பேச்சு வழக்கில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். மலாய் மொழியிலும் இதே நிலைதான். ‘தீமா’ என்ற பொதுச்சொல்லுடன் வெள்ளை எனும் பொருள்பட ‘பூத்தே’ என்றும், கறுப்பு எனும் பொருள்பட ‘ஹீத்தாம்’ என்றும் சேர்த்து அவற்றை வேறுபடுத்துவர். அவசரப் பேச்சில் அந்த அடைமொழி இரு மொழிகளிலும் விடுபட்டுப் போகின்றது.

பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பட்டு, நம் நாட்டிற்கு உலகப் புகழைத் தந்தது வெள்ளீயமாகும். 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. அவை விட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் தேங்கியவையே இன்று நாம் மீன் பிடிக்கும் ஈயக்குட்டைகள். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசச் செய்ததும், இரசம் வைக்க ஈயச்சொம்பாகப் பயன்படுத்தியதும் இந்த வெள்ளீயமே.

தூண்டிலில் கனத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் காரீயம். இது நச்சு உலோகம். ‘நம் முன்னோர் ஈயப் பாத்திரத்திலேயே சமைத்தார்கள், ஈயத்தால் என்ன கெடுதல் வரும்?’ என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் வெள்ளீயத்தின் நற்பெயரைக் காரீயத்துக்குக் கொடுத்துவிடுகின்றனர். பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

இரண்டையும் எளிதில் அடையாளம் காணலாம். காரீயத்தை வெட்டினால் வெட்டிய முகம் பளபளக்கும். பின்னர் விரைவில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். அது நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது; தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். வெள்ளீயமோ வெண்மையான ஒளியை நெடுநாள் இழக்காது. அதன் சிறு கம்பியை வளைத்தால் ‘கிரீச்’ என மெல்லொலி எழும். ஆனால், இரண்டும் கலந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறிய முடியாது.

ஈயத்தலைத் தூண்டிலின் பயன்

ஈயத்தலைத் தூண்டில் என்பது, கொக்கியின் கழுத்துப் பகுதியில் உலோகத் தலையொன்றைச் சேர்த்து வார்த்த தூண்டிலாகும். கொக்கியில் மென்மையான நெகிழி வால் ஒன்றைச் செருகி, நீரில் எறிந்து, தூண்டிற்கோலைச் சிறிது சிறிதாக உயர்த்தித் தாழ்த்தினால், அடிபட்ட சிறுமீன் துள்ளுவது போல அது தோன்றும். இரை தேடும் பெரிய மீன் அதனைப் பாய்ந்து கவ்வுகின்றது. 1930இல் கட்டி முடிக்கப்பட்ட பேராக் ஆற்றின் செண்டரோ அணை ஏரியிலும், 1985இல் நிறைவுற்ற திரெங்கானுவின் கென்யிர் அணை ஏரியிலும் செபாராவ், தோமான் முதலிய மீன்களை நாடிச் செல்வோரும், கழிமுகங்களில் கொடுவாய் பிடிப்போரும் இத்தகைய தூண்டிலைப் பயன்படுத்துகின்றனர்.

இதற்கு வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. மழைக்குப்பின் கலங்கிய நீரில் கரும்நிறமோ பளிச்சென்ற பச்சை மஞ்சளோ மீனின் கண்ணுக்கு எளிதில் தென்படும். தெளிந்த நீரில் சிறுமீனின் இயல்பான வெள்ளி நிறமே பொருந்தும். ஆழம் செல்லச் செல்ல முதலில் மங்குவது சிவப்பு நிறம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அத்துடன், பூச்சானது காரீயம் நேரே கையில் படுவதைக் குறைக்கின்றது. இதுவே நம் நோக்கில் அதன் முதன்மையான பயன்.

சாதாரணச் சாயத்தைத் தூரிகையால் பூசினால் என்ன என்று கேட்கலாம். அது கல்லில் இரண்டு முறை மோதினால் பெயர்ந்துவிடும். மேலும், நெகிழி வாலிலுள்ள எண்ணெய்ப் பொருள் சிலவகைச் சாயங்களைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். தூள் பூச்சு இவ்விரண்டையும் நன்கு தாங்கும்.

தூள் பூச்சு என்பது யாது?

நம் வீட்டுச் சன்னல் கம்பிகள், வாயிற்கதவு, மிதிவண்டிச் சட்டம், குளிர்பதனப் பெட்டியின் மேல்தகடு ஆகியவற்றில் வழுவழுப்பாகவும் கடினமாகவும் காணப்படும் வண்ணம் பல வேளைகளில் தூள் பூச்சேயாகும். இதில் தண்ணீரோ கரைப்பானோ இல்லை. செயற்கைப் பிசினும் நிறப்பொருளும் கலந்து, மாவுபோல நுண்ணியதாக அரைத்த உலர்ந்த தூளே இதன் மூலப்பொருள். அது சூடான உலோகத்தில் பட்டதும் உருகி ஒட்டிக்கொள்கின்றது. மேலும் சூடாக்கும்போது கெட்டியாகி இறுகுகின்றது.

இந்த இறுகுதலைப் புரிந்துகொள்ள நம் தோட்டத் தொழிலாளர்க்கு வெளியே சென்று உவமை தேட வேண்டியதில்லை. காய்ச்சாத இரப்பரை வெயிலில் வைத்தால் இளகும், பிசுபிசுக்கும். அதே இரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிவிட்டால், பிறகு எவ்வளவு வெயிலிலும் அது உருகாது. வாகனச் சக்கரம் கொதிக்கும் தார்ச்சாலையில் ஓடியும் இளகாதிருப்பது இதனால்தான். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்யியர் கண்டறிந்த முறை இது. இரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே கந்தகம் குறுக்குப் பாலங்களை அமைத்து, அவற்றை ஒரே வலையாகப் பின்னிவிடுகின்றது. தூள் பூச்சிலும் வெப்பத்தால் பிசினின் இழைகள் இவ்வாறே ஒன்றோடொன்று பிணைகின்றன. பிணைந்தபின் அது மீண்டும் உருகாது, எளிதில் கரையாது.

ஆகவே, தூள் உருகி வழவழப்பாகத் தெரிவதுடன் வேலை முடிந்துவிட்டது என எண்ணலாகாது. அது காய்ச்சாத இரப்பரின் நிலை. உரிய வெப்பத்தில் உரிய நேரம் வைத்து இறுகச் செய்தபின்பே அது சக்கரத்து இரப்பரின் உறுதியைப் பெறும்.

சூடான பொருளைத் தூளில் தோய்க்கும் முறையை 1950களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான எர்வின் கெம்மர் உருவாக்கினார். பாத்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய காற்றைச் செலுத்தினால், தூள் பொங்கி எழுந்து நீர்போல இளகி நிற்கும். அதில் சூடான உலோகத்தைத் தோய்த்தெடுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தூள் படியும். கையுறைத் தொழிற்சாலையில் கைவடிவ அச்சைப் பாலில் தோய்த்தெடுப்பதை அறிந்தவர்களுக்கு இது புதியதாகத் தோன்றாது. அங்கே பாலில் தோய்க்கின்றனர். இங்கே தூளில் தோய்க்கின்றோம்.

பூசும் முறை

பூசுவதற்கு ஆயத்த ஈயத்தலைகளையே வாங்கிக்கொள்ள வேண்டுமென்பது நம் பரிந்துரை. வண்ணம் பூசாத தலைகள் தூண்டிற் கடைகளில் கிடைக்கின்றன. காரீயம் 327 பாகை செல்சியசில்தான் உருகும். தூள் பூச்சை இறுகச் செய்யப் பொதுவாக 180 பாகை அளவு வெப்பம் போதும். ஆகவே, முறையாகப் பூசும்போது காரீயம் உருகுவதில்லை. உருக்கும்போது உண்டாகும் கசடும் ஆவியும் இங்கு எழுவதில்லை. பூசுதலுக்கும் வார்த்தலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

வேண்டிய பொருள்கள் இவை: தூள் பூச்சுக்குரிய தூள், அகன்ற வாயுள்ள சிறிய சீசா, நீண்ட குறடு, சாராய விளக்கு அல்லது சூடான காற்றை ஊதும் மின்கருவி, ரொட்டி வாட்டும் சிறிய மின் அடுப்பு, கையுறை, முகக்கவசம், கண்ணாடி.

முதலாவது, தலையைச் சுத்தம் செய்தல். கையுறை அணிந்து, சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தூள் ஒட்டாது. வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் கத்தியால் சீவி அகற்றலாம். அரத்தால் அராவுதல் கூடாது. அராவினால் காரீயத் தூள் பறக்கும். சீவிய துணுக்குகளைத் தாளில் சேர்த்து, மூடியுள்ள தகரத்தில் இட வேண்டும்.

இரண்டாவது, தூளை இளக்குதல். கடையிலிருந்து வந்த தூள் இறுகியிருக்கும். சீசாவை மூடிக் குலுக்கினால் அது இளகும். மீன்தொட்டிக்குக் காற்றுத் தரும் சிறிய பம்பைக் கொண்டு, சீசாவின் அடியிலிருந்து மெல்லக் காற்றுச் செலுத்துவோரும் உளர். தொடக்கத்தில் குலுக்குவதே போதுமானது.

மூன்றாவது, சூடாக்குதல். கொக்கியைக் குறட்டால் பிடித்து, தலைப்பகுதியை மட்டும் வெப்பத்தில் காட்டித் திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். கொக்கியைக் கூடுதலாகச் சுட்டால் அதன் உறுதி குறையும். சிறிய தலைக்குச் சில நொடிகளே போதும். கனத்துக்கேற்ப நேரம் கூடும். தீச்சுடர் வேகமாயிருந்தால் மெல்லிய பகுதி உருகிவிடக்கூடும். எனவே தீயை அடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, தோய்த்தல். சூடான தலையைத் தூளில் ஒரு நொடி தோய்த்து உடனே எடுத்து, குறட்டை மெல்லத் தட்டி மிகையான தூளை உதிர்க்க வேண்டும். பூச்சு தானாகவே உருகிப் பளபளத்தால் வெப்பம் சரியாக இருந்தது என்று பொருள். மாவு தூவியதுபோல் மங்கலாக நின்றால் வெப்பம் போதவில்லை. மீண்டும் தொலைவிலிருந்து சிறிது சூடு காட்டலாம். தடித்துத் திரண்டு சொட்டுவதுபோல் தொங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது. மெல்லிய பூச்சே நல்ல பூச்சு. தடித்த பூச்சு எளிதில் வெடித்துப் பெயரும்.

ஐந்தாவது, நரம்பு கட்டும் துளையைத் திறந்துவிடுதல். பூச்சு இளக்கமாக இருக்கும்போதே ஊசியால் துளையைச் சுத்தம் செய்துவிட வேண்டும். இறுகியபின் குத்தினால் துளையைச் சுற்றிலும் பூச்சு உடையும்.

ஆறாவது, இறுகச் செய்தல். தலைகள் ஒன்றையொன்று தொடாதவாறு மின் அடுப்பினுள் கம்பியில் தொங்கவிட வேண்டும். 180 பாகை செல்சியசில் ஏறத்தாழ 20 நிமிடம் வைப்பது வழக்கம். தூளுக்குத் தூள் இது மாறும் என்பதால், பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்பற்றுவதே முறை. பின்னர், அவை தாமாகவே ஆறும்வரை தொடாதிருக்க வேண்டும்.

பூச்சு இறுகிவிட்டதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தோய்த்து, பூச்சின் மறைவான ஓரத்தில் சில தடவை தேய்க்க வேண்டும். பஞ்சில் வண்ணம் ஒட்டினாலோ பூச்சு பிசுபிசுத்தாலோ அது இன்னும் இறுகவில்லை. ஒட்டாவிடில் வேலை நிறைவுற்றது. இச்சோதனையைத் தீயிலிருந்து விலகிச் செய்ய வேண்டும்.

பூசுவதிலும் மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: தூள் பூச்சுக்குப் பயன்படுத்திய மின் அடுப்பில் எக்காலத்தும் உணவு சமைக்கக் கூடாது. வீட்டுச் சமையல் அடுப்பைச் சிறிது நேரத்துக்கென்று இரவல் வாங்குவதும் கூடாது. இதற்கென ஒரு பழைய அடுப்பை ஒதுக்கி, அதன்மீது பெரிய எழுத்தில் ‘உணவுக்கன்று’ என எழுதிவைப்பது நல்லது.

இரண்டு: தூளை மூச்சுடன் உள்ளிழுக்கக் கூடாது. முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள திறந்த தாழ்வாரத்தில் வேலை செய்ய வேண்டும். ஆனால், தூளைப் பறக்கவிடும் அளவுக்கு விசிறி சுழலக் கூடாது.

மூன்று: காற்றில் அடர்த்தியாகப் பறக்கும் தூள் தீப்பற்றும் தன்மையுடையது. கோதுமை மாவுகூட அவ்வாறே. தீயும் தூளும் அருகருகே இருத்தல் ஆகாது. சூடாக்கும் இடமும் தோய்க்கும் இடமும் கையெட்டும் தூரத்திற்கு அப்பால் இருக்கட்டும்.

வார்ப்பது ஏன் வேண்டாம்?

இனி, இக்கட்டுரையில் மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

காரீயத்தைச் சட்டியிலிட்டு உருக்கும்போது அதன் மேல் சாம்பல் நிறக் கசடு படியும். அதனை வழித்தெடுக்கையில் நுண்ணிய தூள் பறக்கின்றது. வெப்பம் எல்லை மீறினால் ஆவியும் எழுகின்றது. இவை கண்ணுக்குத் தெரிவதில்லை, மணமும் இல்லை. தரையிலும், துணியிலும், தலைமுடியிலும், கை விரல்களிலும் அவை படிகின்றன. வார்த்து முடித்த தந்தை அதே சட்டையுடன் குழந்தையைத் தூக்குகிறார். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கின்றது. காரீயம் உடலினுள் செல்லும் வழி இதுவேயாகும்.

ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் சென்றாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக அதனை உறிஞ்சிக்கொள்கின்றது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதும் அந்நிறுவனத்தின் முடிவு. காரீயம் குழந்தையின் வளரும் மூளையைத் தாக்குகின்றது. அறிவாற்றல் குறைதல், கவனம் சிதறுதல், பாடம் மனத்தில் நில்லாமை ஆகியவை அதன் விளைவுகள். இக்கேடு பின்னர் முழுமையாகச் சரிசெய்ய இயலாதது. பள்ளியில் பின்தங்கும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்று நாம் கடிந்துகொள்கிறோம். காரணம் வீட்டுத் தாழ்வாரத்துச் சட்டியாக இருந்துவிட்டால், அக்குழந்தை செய்த குற்றம் என்ன?

பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, சோர்வு, இரத்தச் சோகை, இரத்த அழுத்தம் ஆகியவை ஏற்படலாம். காரீயம் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து அது இரத்தத்தில் கலந்து, கருவிலுள்ள குழந்தையையும் சென்றடைகின்றது.

இது மிகைப்படக் கூறுவதன்று. ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் தலைநகரான டக்காரின் புறத்தே தியாரோய் சுர் மேர் எனும் குடியிருப்பு உள்ளது. அங்கு மக்கள் பழைய வாகன மின்கலங்களை உடைத்துக் காரீயம் எடுத்துப் பிழைத்து வந்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். காரணம் காரீய நஞ்சு என்பது ஆய்வில் தெரியவந்தது. அக்குழந்தைகள் எவரும் காரீயத்தை உருக்கியவர்கள் அல்லர். பெரியவர்கள் வேலை செய்த மண்ணில் விளையாடியவர்கள்.

பழைய வாகன மின்கலத்தை உடைத்துக் காரீயம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அதில் கந்தக அமிலம் உண்டு. உலோகத்துடன் கலந்துள்ள ஆர்சனிக், ஆன்டிமனி போன்றவற்றால் கொடிய நச்சு வாயுவும் உண்டாகக்கூடும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் அட்டவணையிடப்பட்ட கழிவுகள் குறித்த விதிமுறைகளின்படி, பயன்படுத்திய காரீய மின்கலம் தனிக் குறியீட்டுடன் கட்டுப்படுத்தப்பட்ட கழிவாகும். அதனை மின்கலக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வார்ப்பதில் மற்றொரு உடனடி ஆபத்தும் உண்டு. உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நொடியில் நீராவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவடைகின்றது. சட்டியிலுள்ள உலோகம் வெடித்துச் சிதறி முகத்திலும் கண்ணிலும் படும். மழைத்துளி, நெற்றி வியர்வை, ஈரமான அச்சு ஆகிய எதுவும் இதற்குப் போதும். நம் நாட்டு மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

‘வேலை முடிந்ததும் ஒரு குவளை பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும்’ என்ற நம்பிக்கையும் சிலரிடம் காணப்படுகின்றது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைந்த உணவு, உடல் காரீயத்தை உறிஞ்சுவதை ஓரளவு குறைக்கும் என்பது மெய்யே. ஆனால், அது நஞ்சு முறிவு மருந்தாகாது.

அச்சும் சட்டியும் ஏற்கெனவே வைத்திருப்போர் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவதே சிறந்தது. சமையலறையிலும், லயத்து வீட்டு வாசலிலும், ஆயாக் கொட்டகையின் அருகிலும், கிணற்றடியிலும் காரீயம் உருக்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. முன்பு உருக்கிய இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அங்கே குழந்தைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருக்கிய சட்டி மீண்டும் சமையலுக்கு வரலாகாது.

வெள்ளீயம்: நம் மண்ணின் மாற்று

கனத்துக்குக் காரீயம்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. வெள்ளீயத்தால் செய்த தூண்டில் தலைகளும் கிடைக்கின்றன. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். ஆகையால், 180 பாகையில் இறுகும் தூள் பூச்சை அது தாங்கும். ஆனால், அதற்கும் பூச்சின் வெப்பத்துக்கும் இடைவெளி குறைவு. மின் அடுப்பின் வெப்பமானி சரியாக இருப்பது இன்றியமையாதது.

பிஸ்மத் எனும் உலோகமும் வெள்ளீயமும் கலந்த கலவையிலும் தலைகள் செய்யப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கலவையின் ஒரு வகை 138 பாகையிலேயே உருகிவிடும். அதனைத் தூள் பூச்சு அடுப்பில் தொங்கவிட்டால், திறந்து பார்க்கும்போது கொக்கி மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய தலைக்குச் சாதாரணச் சாயமே பொருத்தம்.

காரீயம் நீரைவிட 11.3 மடங்கு கனமானது, வெள்ளீயம் 7.3 மடங்கு. எனவே, 10 கிராம் காரீயத் தலையின் அளவில் வெள்ளீயத் தலை செய்தால் அதன் எடை ஏறத்தாழ 6.4 கிராம்தான் இருக்கும். அது மெதுவாக மூழ்கும். ஆழமான அணை ஏரியில் இது குறை. ஆழமில்லாத குட்டையிலும் வாய்க்காலிலும் இதுவே நிறை. மெல்ல இறங்கும் தூண்டில் சேற்றில் புதையாது. மீனுக்கும் கவ்வ நேரம் கிடைக்கும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், குழந்தையின் அறிவுக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை.

நீர்நிலைக்கும் இது நன்மையாகும். பிரிட்டனில் அன்னப் பறவைகள், இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும்போது தூண்டிற்காரர் தவறவிட்ட காரீயக் குண்டுகளையும் விழுங்கி மடிந்தன. 1987ஆம் ஆண்டு முதல் அந்நாடு, 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான காரீயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை பெருகியது. தூள் பூச்சு கையைக் காக்கும். ஆனால் நீரில் அறுந்துபோன தலையின் பூச்சு கல்லில் உரசித் தேய்ந்துவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அன்றாடப் பழக்கத்தில் கவனிக்க வேண்டியவை

பிளவுள்ள சிறு காரீயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தும் பழக்கத்தை இன்றே கைவிட வேண்டும். அதற்குச் சிறிய குறடு போதும்.

தூண்டிற் பெட்டியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவாமல் சோற்றையோ வெற்றிலையையோ சிகரெட்டையோ தொடக் கூடாது. கரைக்குச் செல்லும்போது ஒரு புட்டி நீரும் சிறிது சவர்க்காரமும் உடன் இருக்கட்டும்.

காரீயத் தலைகளைச் சட்டைப்பையிலோ, சோற்றுப் பாத்திரத்திலோ, பழைய மிட்டாய்ச் சீசாவிலோ வைத்தல் ஆகாது. வண்ணம் பூசிய தலை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாயாகவே தோன்றும். நாம் எவ்வளவு அழகாகப் பூசுகிறோமோ அவ்வளவு உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பூச்சு பெயர்ந்த தலையை ஒதுக்கிவைத்து, மீண்டும் பூசலாம். அல்லது தூக்கிப்போடாமல் பழைய உலோகம் வாங்குவோரிடம் சேர்க்கலாம்.

ஐயம் ஏற்பட்டால்

காரீயம் உடலில் சேர்ந்திருப்பதை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. குறைந்த அளவில் நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருப்பின், அது எங்கிருந்து வருகின்றது என்பதைக் கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. வீட்டில் காரீயம் உருக்கியிருந்தால், அண்மையிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அதனைத் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். ‘வயிற்றுவலி’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் வேறு காரணங்களைத் தேடுவார். ‘ஈயம் உருக்கினோம்’ என்று சொன்னால்தான் உரிய பரிசோதனை நடைபெறும். குழந்தை காரீயத் தலையை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் மூத்தோர் வாக்கு. தூண்டில் தலையில் எழுதும் வண்ணச் சித்திரத்துக்கு நம் உடலும் நம் பிள்ளைகளின் உடலுமே சுவர். ஆயத்தத் தலையை வாங்குவோம். இயன்றால் வெள்ளீயத் தலையையே தேர்ந்தெடுப்போம். அதற்குத் தூள் பூச்சிட்டு நம் கைத்திறனைக் காட்டுவோம். உருக்கும் சட்டியை மட்டும் வீட்டு எல்லைக்குள் நுழையவிடாதிருப்போம். அவ்வாறாயின், ஓய்வு நாளில் தந்தையுடன் கரையில் அமரும் பிள்ளை, மீன் பிடிக்கும் கலையுடன் நல்ல உடலையும் தெளிந்த அறிவையும் பெற்று வளரும்.